பட்டியலில் ஏழாவது பெயர்

பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று பேருக்கும்,

வேலை பழகுவதற்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எந்தத் தரவுத்தளத்தில் எதைத் தேடுவது, எந்தப் பெட்டியை நிரப்புவது என்பதெல்லாம் இரண்டு கிழமையில் தானாகக் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதினால் நீங்களும் வாசிக்கப் போவதில்லை, எனக்கும் பொறுமையில்லை. ஆகையால் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். நாரந்தனையில் என் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமாய் இருப்பவை நேரமும் வாயும்தான் என்பதால், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமது வேலையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். என் மச்சாள் ஒருத்தி, முப்பது வருடமாக என்னைக் காணும்போதெல்லாம் கேட்பாள்: "ஆர் எத்தினை எழுதினவை எண்டு எண்ணுறதுக்கும் ஒரு கந்தோரோ?" ஓம், பல்கலைக்கழக நூலகத்துக்குள் அதற்கும் ஒரு கந்தோர், ஓர் அலுவலகம், உண்டுதான். பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார், அவற்றை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் ஆதாரமாக எடுத்துக் காட்டினார்கள் என்று தேடி எடுத்து, தெரிவுக் குழுவின் முன் வைக்கிறோம். அப்படி ஒருவர் மற்றவரை எடுத்துக் காட்டுவதற்குத்தான் மேற்கோள் என்று பெயர்.

எனக்கு இந்த வேலை ஒருநாளும் சலித்ததில்லை. நூலகத்தில் சேர்ந்த புதிதில், வெங்காயப் பயிரின் நோய் பற்றி நம்மவர் ஒருவர் எழுதிய கட்டுரையை யார் பார்த்திருக்கிறார்கள் என்று தேடினேன். கோண்டாவில் தோட்டத்தில் செய்த ஆய்வு அது. ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு நாட்டில், பெயரை எப்படி உச்சரிப்பது என்றுகூட எனக்குத் தெரியாத ஒரு பெண், அதன் நான்காம் பக்கத்தில் இருந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தன் ஆய்வைத் தொடங்கியிருந்தாள். இவரை அவள் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நல்லது" என்று சொல்லித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடங்கள் இருந்தபோது, நீண்டகால ஆய்வு ஒன்றுக்கு ஐந்து வருடத்துக்கு முழுநேர உதவி ஆய்வாளர் ஒருவரும் களத்துக்குப் போய்வர வாகனமும் தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஒருவருக்கு மட்டும்தான். ஏழு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் மருத்துவர், ஒருவர் கணித ஆசிரியர், ஒருவர் பயிர்களை ஆராய்பவர், இப்படி ஏழு பேரும் ஏழு துறை. குழுத் தலைவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம்: ஏழு பேரின் கட்டுரைகளும் மேற்கோள்களும், ஒரே பட்டியலில்.

தேடி எடுத்து, சரிபார்த்து, பட்டியல் போட்டேன். பிறகு, மேற்கோள் எண்ணிக்கை மேலிருந்து கீழாக இருந்த நிரலின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். பெரியது மேலும் சிறியது கீழுமாக ஏழு பெயர்களும் வரிசையில் நின்றன. உங்கள் கணினியிலும் அந்த வசதி உண்டு. அதைத் தட்டுவதற்கு ஒரு நொடி போதும், நான் தட்டியதை நிமிர்த்த இரண்டு மாதம் எடுத்தது.

மேலே நின்றவர் மருத்துவர். பல நாடுகள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வில் அவரும் ஒருவர், அந்த ஒரு கட்டுரைக்கே நூற்றுக்கணக்கில் மேற்கோள். ஏழாவதாக, அடியில் நின்ற பெயர் திலகா. ஒன்பது கட்டுரைகள், இருபத்தாறு மேற்கோள்கள்.

திலகாவை எனக்குத் தெரியும். புங்குடுதீவில் பிறந்தவர். தெற்கே கடைகண்ணி வைத்து வாழ்ந்த அவரது குடும்பத்தில் அநேகமாக எல்லோரும் இப்போது வெளிநாட்டில். இவர் மட்டும் புவியியற்றுறையில் விரிவுரையாளராக இருந்துகொண்டு, மாதத்தில் முதல் திங்கட்கிழமை காலை குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போவார். அங்கே இருபத்திரண்டு கிணறுகளில் தண்ணீரின் உப்பை அளப்பார். பத்தொன்பது வருடங்களாக இதுதான் அவரது ஆய்வு. தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை, ஓர் அடுக்கு. மழை அதைப் பெருக்கும், நாம் அள்ளுவது அதைக் குறைக்கும், அளவுக்கு மிஞ்சி அள்ளினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். அந்தப் படை வருடத்துக்கு வருடம் என்ன ஆகிறது என்பதை அறிய, மாதம் தவறாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதம் விட்டால் விட்டதுதான், பிறகு போய் அந்த மாதத்தை யாரும் அளக்க முடியாது.

இந்தப் பிழையில் எனக்கு வெட்கமான பகுதி இதுதான். இருபத்தாறு என்ற எண்ணைக் கண்டவுடனே எனக்குள் ஏதோ இடித்தது. இவ்வளவு காலம் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்தவருக்கு இது பொருந்தவில்லையே, கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமே என்று மனம் சொன்னது. ஆனால் நாரந்தனையில் பிறந்த நானும் தீவாள், திலகாவும் தீவாள், ஆய்வும் தீவைப் பற்றியது. யாழ்ப்பாணத்து நடுவில் "தீவார்" என்ற சொல்லை என்ன ஏளனத் தொனியில் சொல்வார்கள் என்று தீவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நான் அவருக்காக மெனக்கெட்டால் ஊர்ப்பற்று என்று கதை வரும் என்று பயந்தேன். மற்ற ஆறு பேரில் யாருடைய எண் இடித்திருந்தாலும் தோண்டியிருப்பேன். பக்கச்சார்பு என்ற பெயருக்குப் பயந்து ஒருத்தருக்கு மட்டும் அநியாயம் செய்துவிட்டு, அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பட்டியல் ஏழு பேருக்கும் போனது. அந்தக் கிழமையே, ஒக்ரோபர் மாத அளவெடுப்பை முடித்துக்கொண்டு திரும்பும்போது திலகா இறங்குதுறைப் படியில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். ஆறு மாதத்துக்குப் படகேறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உதவி ஆய்வாளர் கிடைத்தால் மட்டுமே நவம்பர் அளவெடுப்பு நடக்கும் என்ற நிலை. பட்டியலைப் பார்த்த எவருக்கும் அது கிடைக்காது என்று விளங்கியிருக்கும்.

சில நாள் கழித்து அவர் ஊன்றுகோலுடன் என் கந்தோருக்கு வந்தார். முச்சக்கர வண்டிக்காரர் பின்னால் ஒரு கடதாசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

"அக்கா, இதுகளை லைபிறரியில வைப்பியளோ?" என்றார் திலகா.

"என்னது இது?"

"கிணத்துக் கொப்பியள். பத்தொன்பது வருசம். வீட்டில வைச்சால் கறையான் தின்னும். இனி எழுத ஆளில்லைத்தானே. முடிஞ்சதை முடிஞ்சதெண்டு வைக்கிறதுதான் நல்லம்."

"பட்டியலைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே, திலகா?"

"என்னத்தைக் கேக்கிறது அக்கா? எண் சரிதானே. நானும் எண்ணிப் பாத்தனான். இருபத்தாறுதான்."

அதில் குத்தலே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவர் போன பிறகு மேலே இருந்த கொப்பியைத் திறந்தேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் இரண்டு நிரல்கள். ஒன்றின் தலைப்பு "கருவி", மற்றதன் தலைப்பு "வாய்". கருவி நிரலில் உப்பளக்கும் கருவி காட்டிய எண். வாய் நிரலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் புழங்கும் ஆள், அன்று காலை தேத்தண்ணி குடிக்க முன்னம் ஒரு மிடறு குடித்துப் பார்த்துச் சொன்னது. "நல்ல தண்ணி." "குடிக்கலாம், தேத்தண்ணிக்கு ஆகாது." "சமைக்க மட்டும்." "குளிக்க மட்டும்." "மாடும் குடியாது." திலகா போய்ச் சேர முற்பகல் ஆகிவிடும் என்பதால், அந்த வீட்டுக்காரர்கள் விடியவே குடித்துப் பார்த்து, சொல்லைக் கிணற்றுக் கட்டின் மேல் கரியால் எழுதி வைப்பார்களாம். இவர் போய்க் கருவியை இறக்கி அளந்து, கரியில் இருப்பதையும் பார்த்து எழுதுவார்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். போர் நடந்து போக்குவரத்து அரிதான காலம் இருந்தது, படகு ஒழுங்காக ஓடாத காலம் இருந்தது, அனுமதி எடுத்துப் போக வேண்டிய காலம் இருந்தது. அந்தக் கொப்பிகளில் ஒரு வெற்று மாதம்கூட இல்லை. நான் அந்தத் தண்ணீர்க் கதைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள், எந்தக் கிணற்றில் குடிக்கலாம் எதில் கூடாது என்று நடக்கப் பழகும்போதே பழகியவள். ஆனால் அது எழுதி வைக்கத்தக்க அறிவு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் காலை, நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அந்த இருபத்தாறு மேற்கோள்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த இடத்தில் எதற்காகத் திலகாவின் பெயர் வருகிறது என்று வாசித்தேன்.

முதலாவது, பெருங்கடலின் நடுவில் ஒரு பவளத்தீவு. இரண்டாவது, ஆற்று முகத்துவாரத்தில் ஒரு மணல்தீவு. மூன்றாவதும் தீவு. பத்தாவதை எட்டியபோது பக்கத்து மேசையில் வேலை செய்த பிள்ளையிடம் ஒரு உலகப்படம் கேட்டு வாங்கினேன். பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். இருபத்தாறும் தீவுகள். சில தீவுகள் படத்தில் இல்லவே இல்லை, கடலில் உத்தேசமாக ஒரு இடத்தில் வைத்தேன். எல்லோரும் எடுத்துக் காட்டியது ஒரே கட்டுரையின் ஒரே செய்தியை: ஒரே ஆள், ஒரே கிணற்றில், ஒரே நேரத்தில், மாதம் தவறாமல் குடித்துப் பார்த்துச் சொன்னால், அந்தச் சொல்லும் கருவியின் எண்ணும் ஒத்துப்போகும் என்று நெடுந்தீவில் நிரூபித்த செய்தி. உப்புக்காற்றில் கருவிகள் பழுதாகிவிடும் தீவுகள் அவை, வாங்கித் திருத்த வழியில்லாத இடங்கள். அங்கெல்லாம் யாரோ விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தங்கள் பாஷையில் ஒரு சொல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருட வேலையில் நான் அப்படி ஒரு மேற்கோள் பட்டியலைக் கண்டதில்லை. கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவில்லை.

பிறகு தொழிலுக்குத் திரும்பினேன். நெஞ்சு உருகியதை அறிக்கையில் எழுத முடியாது. சின்னத் தீவுகளின் நிலத்தடி நீரை ஆராய்பவர்கள் உலகம் முழுக்க ஒரு பஸ்ஸில் ஏற்றக்கூடிய அளவுதான். மருத்துவக் கட்டுரைக்கு வாசகர் கூட்டம் பெரிது, எழுதுபவர் கூட்டமும் பெரிது. இரண்டையும் ஒரே நிரலில் வைத்து வரிசைப்படுத்துவது, பனையையும் பயற்றங்கொடியையும் ஒரே அடிமட்டக் கோலால் அளந்து பயற்றங்கொடியைத் திட்டுவது போன்றது. ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறையில் அதே ஆண்டில் வந்த மற்றக் கட்டுரைகளோடுதான் ஒப்பிட வேண்டும். இது எனக்குத் தெரியாததா? நானே இரண்டு பயிற்சி வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். குழு ஒரு பக்கம் கேட்டது, நான் ஒரு பக்கம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

குழுத் தலைவரிடம் போனேன்.

"பட்டியலைத் திருப்பி எடுக்கோணும், சேர்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீர் கையெழுத்துப் போட்ட பட்டியல். ஏழு பேருக்கும் போயிட்டுது. இப்ப திருப்பி எடுக்கோணும் எண்டால் என்ன அர்த்தம்?"

"நான் பிழை விட்டிட்டன் எண்டு அர்த்தம்."

"எந்த எண் பிழை?"

"எண் ஒண்டும் பிழையில்லை. வரிசை பிழை."

"ஆர் மேல வரப்போகினம்?"

"இன்னும் பாக்கேல்லை, சேர். ஆனா திலகான்ர இடம் மாறும்."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, உள்ளதைச் சொல்பவர். "தீவாருக்காகத் தீவார் வந்து நிக்கினம் எண்டு நாளைக்குச் சொல்லுவினம். உமக்கு இன்னும் மூண்டு வருசம் இருக்கு. இந்தப் பேர் தேவையோ?"

நான் பயந்திருந்த அதே வார்த்தை, நேருக்கு நேர். கேட்டபோது முகம் சுட்டது உண்மை. ஆனால் ஒரு வேடிக்கை, கேட்டு முடிந்தவுடன் அதன் பாரம் போய்விட்டது.

"சொல்லட்டும் சேர். அந்தப் பேருக்குப் பயந்துதான் முதல் தரம் பிழை விட்டனான். ஏழு பேருக்கும் ஒரே மாதிரித் திருப்பிச் செய்யிறன். செய்யிற முறையை முதல்லயே எழுதி உங்களிட்டைத் தாறன். அதுக்குப் பிறகுதான் எண்ணுவன். எண்ணினதை நீங்கள் விரும்பின ஆளை வைச்சுச் சரிபாருங்கோ."

"எவ்வளவு நாள்?"

"அஞ்சு கிழமை, முப்பத்தஞ்சு நாள்."

"ஒக்ரோபர் முடிவில முடிவெடுக்கிறதா இருந்தது."

"தெரியும், சேர்."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "எழுதிக்கொண்டு வாரும்," என்றார்.

ஐந்து கிழமை என்று சொன்னபோதே எனக்குத் தெரியும், நவம்பர் முதல் திங்கட்கிழமை அதற்குள் வந்து போய்விடும் என்று. முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த ஐந்து கிழமை தேவைப்பட்டிருக்காது. நவம்பர், மழை இறங்கி நல்ல தண்ணீர் பெருகத் தொடங்கும் மாதம், பன்னிரண்டில் அதுதான் முக்கியமானது. அவசரப்பட்டு அரைகுறையாய் முடித்தால் இரண்டாவது தரமும் அநியாயம் நடக்கும், அதுவும் இந்தமுறை மற்ற ஆறு பேரில் யாருக்காவது. ஆகவே அவசரப்படவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை நாரந்தனையிலிருந்து வேலைக்குப் போகும்போது, தீவையும் நகரத்தையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பஸ் யன்னலால் கடலைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

திருத்திய அறிக்கையில் மருத்துவர் நான்காவதாக வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கந்தோருக்கு வந்து, "நானூறு பேருக்கு நடுவில என்ர பேர் கிடக்கு மிஸ். என்ர அம்மாவே மூண்டு நாள் தேடினவ," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். திலகாவும் கணித ஆசிரியரும் பயிர் ஆய்வாளரும் தத்தம் துறையில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றார்கள். அந்த மூவரையும் பிரிக்க எண்ணைத் தசம தானங்களுக்கு இழுத்துக்கொண்டு போகலாம், நம் இயந்திரம் எத்தனை தானம் கேட்டாலும் தரும். நான் இழுக்கவில்லை. "இந்த மூவருக்கும் இடையில் எண்ணால் முடிவு சொல்ல இயலாது. குழு அவர்களின் ஆய்வுகளை வாசித்து முடிவெடுக்க வேண்டும்" என்று எழுதி, திலகாவின் கொப்பி ஒன்றையும் மற்ற இருவரின் ஆய்வுக் குறிப்புகளையும் சேர்த்து மேசையில் வைத்தேன். குழுவில் ஐந்து பேர். இரண்டு மணித்தியாலம் வாசித்தார்கள். அத்தனை வருடத்தில் தெரிவுக் குழு ஒன்று வாசித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

உதவி ஆய்வாளர் திலகாவுக்குக் கிடைத்தது.

நல்ல செய்தியைச் சொல்ல நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சந்தோசப்பட்டார். பிறகு, "டிசம்பரிலயிருந்து திருப்பித் தொடங்கலாம்," என்றார். நவம்பரைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன்.

"நவம்பர் என்னாலதான் போனது, திலகா. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"விடுங்கோ அக்கா," என்றார். ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கு அடுத்த கிழமை, நெடுந்தீவிலிருந்து படகில் வந்த ஒருவர் திலகாவின் வீட்டில் ஒரு பொலித்தீன் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திலகா தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, உடனே வாங்கோ" என்று மட்டும் சொன்னார். குரல் சரியில்லை. காலுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறிக்கொண்டு போனேன்.

மேசையில் பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த இரண்டு தாள்கள். மேலே நவம்பர் முதல் திங்கட்கிழமையின் திகதி. கீழே இருபத்திரண்டு கிணறுகள், திலகா போகும் அதே ஒழுங்கில். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல். "நல்ல தண்ணி." "சமைக்க மட்டும்." "போன மாதத்தை விடத் திறம்." இரண்டு வீடுகளில் ஆளில்லை, வெளிநாடு போய்விட்டார்கள். அந்தக் கிணறுகளுக்கு எதிரே, "பக்கத்து வீட்டார் போய் அள்ளிக் குடித்துப் பார்த்தது" என்று இருந்தது. அடியில் ஒரு குறிப்பு: "மிஸ் வரவில்லை. நாங்கள் வழமைபோல விடியக் குடித்துப் பார்த்து எழுதினோம். மழைக்குக் கரி அழிந்துவிடும் என்று நான் ஒவ்வொரு கிணறாய்ப் போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். கால் எப்படி? ஏழாம் கிணற்றுக் கமலா."

அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த ஆய்வு நிற்கப்போகிறது என்றோ, அதற்கு ஒரு குழு, ஒரு பட்டியல், ஏழாவது இடம் என்றெல்லாம் இருக்கிறது என்றோ அவர்களுக்குத் தெரியாது. முதல் திங்கட்கிழமை வந்தது, குடித்துப் பார்த்தார்கள். நான் அந்தத் தாள்களைக் கையில் எடுத்து இரண்டாம் தரம் வாசித்தேன். என் வாழ்நாளில் நான் கையில் எடுத்த ஆவணங்களில் அதைவிடப் பெரியது வேறில்லை.

திலகா கொப்பியை எடுத்தார். வாய் நிரலில் இருபத்திரண்டு சொற்களையும் எழுதினார். கருவி நிரலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, "கருவி வரவில்லை" என்று எழுதினார். வாய்ச் சொல்லே போதும் என்று உலகத்துக்கு நிரூபித்தவர் அவர்தானே. மாதம் தப்பவில்லை.

அடுத்த வருடம் அந்த இருபது வருடத் தொடரை வைத்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஆசிரியர்கள் என்ற இடத்தில் தன் பெயர், உதவி ஆய்வாளரின் பெயர், அதன்பின் அன்று விடியக் குடித்துப் பார்த்த இருபத்திரண்டு பேரின் பெயர்கள். "அந்த மாசத் தரவு அவையின்ரதான். அவை இல்லாட்டில் அது பொய்யாப் போம்," என்றார். ஆய்விதழ்க்காரர் மூன்று தடவை கேள்வி கேட்டு எழுதினார்கள், திலகா மூன்று தடவையும் பதில் எழுதினார். நான் ஓய்வு பெறும் வருடத்தில்தான் கட்டுரை வெளிவந்தது. நம் தரவுத்தளம், புதிய ஆசிரியர் பெயர் கண்டால் தானாக ஒரு பக்கம் திறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு புதிய பக்கங்கள் திறந்தன. அவற்றைச் சரிபார்த்ததுதான் கந்தோரில் என் கடைசி வேலை. கட்டுரைகள் ஒன்று, மேற்கோள் பூச்சியம். நிறுவனம் என்ற பெட்டியை வெறுமையாக விட இயந்திரம் சம்மதிக்கவில்லை. யோசித்துப் பார்த்து, "கிணறு 1, நெடுந்தீவு", "கிணறு 2, நெடுந்தீவு" என்று இருபத்திரண்டையும் நிரப்பினேன். நீங்கள் யாரும் அதை மாற்றிவிடாதீர்கள்.

ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்து, போன தையில், நான் முதல் தடவையாக அந்தக் கிணறுகளைப் பார்க்க நெடுந்தீவுக்குப் போனேன். போவதற்கு முன் கைத்தொலைபேசியில் அந்தக் கட்டுரையைப் பார்த்தேன். நான்கு மேற்கோள்கள் வந்திருந்தன. எண்ணையும் தலைப்புகளையும் பார்த்த சந்தோசப் புளுகத்தில், உள்ளே வாசிக்காமல் அதோடு மூடிவிட்டேன். இத்தனைக்குப் பிறகும் பழக்கம் விடவில்லை பாருங்கள்.

ஏழாம் கிணற்றடியில் கமலாக்கா மாட்டுக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மெலிந்த ஆள். நான் யாரென்று சொல்லி, கைத்தொலைபேசியில் அவருடைய பக்கத்தைத் திறந்து காட்டினேன். பெயர், கட்டுரை ஒன்று, மேற்கோள் நான்கு.

"இது என்ன மிஸ், நாலு?"

"நீங்கள் சொன்னதை நாலு பேர் எடுத்துப் பாவிச்சிருக்கினம், அக்கா. ஒருத்தர் இங்கயிருந்து எத்தினையோ ஆயிரம் மைல் தள்ளி, நடுக்கடலில ஒரு தீவில இருக்கிறார்."

"நான் என்னத்தைச் சொன்னனான்? தண்ணியைக் குடிச்சுப் பாத்தது தானே."

"அதைத்தான்."

அவர் வாளியைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தார். குனிந்து என் கையிலிருந்த கைத்தொலைபேசியைப் பார்த்தார். பெருமைப்படுவார், அல்லது வெட்கப்பட்டுச் சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"அங்க தண்ணி எப்பிடியாம்?" என்று கேட்டார்.

முப்பது வருடம் மேற்கோள் எண்ணியவளுக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. அந்தக் கிணற்றுக் கட்டின் மேலேயே உட்கார்ந்து, வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த மனிதரின் கட்டுரையைத் திறந்து முதலிலிருந்து வாசித்தேன். கமலாக்கா பக்கத்தில் நின்றார். மாடு தானாகவே வாளியில் வாய் வைத்துக் குடித்தது.

"சரியில்லை, அக்கா," என்றேன். "பாதிக் கிணறு சமைக்க மட்டும்தானாம். இயந்திரம் வைச்சு இறைக்கினமாம்."

"ஐயோ, பாவங்கள்," என்றார் கமலாக்கா. முகம் உண்மையாகவே வாடிவிட்டது. "இயந்திரத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ மிஸ். வாளியால கொஞ்சம் கொஞ்சமா அள்ளி, பின்னேரம் கிணத்தை ஆறவிடச் சொல்லுங்கோ. ரெண்டு மாரி போனால் திரும்பும். இஞ்ச திரும்பினது. சொல்லுவியளோ?"

சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். திரும்பி வரும் படகிலேயே அந்த ஆய்வாளருக்கு எழுதினேன், கமலாக்கா சொன்ன ஒழுங்கில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.